நின்று பார்ப்போருக்கும் ஓர் இடம்

தை பிறக்கும் முன்பே புதுக்கோட்டை மாவட்டத்தில் வாடிவாசல் திறந்துவிடும். கந்தர்வகோட்டை அருகே தச்சங்குறிச்சியில் 2024இல் ஜனவரி 6ஆம் தேதியும் 2025இல் ஜனவரி 4ஆம் தேதியும் ஜல்லிக்கட்டு நடந்தது. தமிழ்நாட்டில் அந்தந்த ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு அதுதான். பிறகு வன்னியன்விடுதி, வடமலாப்பூர், மங்கதேவன்பட்டி, ராப்பூசல், விராலிமலை என்று கோடை வரை ஊர் ஊராகத் தொடரும். தமிழ்நாட்டிலேயே அதிக வாடிவாசல்கள் உள்ள மாவட்டம் இது.

காளைக்கு என்ன பரிசோதனை, மாடுபிடி வீரருக்கு என்ன தகுதி, ஒரு சுற்றில் எத்தனை பேர் களத்தில் இறங்கலாம் என்பதெல்லாம் இன்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். பார்க்க வருகிறவர் எங்கே நிற்பது என்ற கேள்வியை மட்டும் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. மேடையில் நாற்காலி கிடைத்தவர் உட்காருவார். மற்றவர்கள் தடுப்புக் கட்டை மேலும், டிராக்டர் டிப்பரிலும், வேன் கூரையிலும், மரக்கிளையிலும் இடம் பிடிப்பார்கள். கூட்டத்தில் பெரும்பகுதி இவர்கள்தான்.

இதே கேள்வியைக் கால்பந்து உலகம் 30 ஆண்டுகளுக்கு மேல் விவாதித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறது. அந்த முடிவிலிருந்து நம் திடல்களுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று பார்ப்போம்.

கால்பந்தில் நடந்தது என்ன?

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல், நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிகளின் அரையிறுதி ஆட்டம். கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கும் பகுதியைக் கம்பி வேலியால் பட்டி பட்டியாகப் பிரித்திருந்தார்கள். வெளியே நெருக்கடி முற்றியதும் போலீசார் ஒரு பெரிய கதவைத் திறக்கச் செய்தனர். உள்ளே வந்தவர்கள் எதிரே தெரிந்த சுரங்க வழியாக நேரே நடுப் பட்டிகளுக்குள் போய்ச் சேர்ந்தார்கள். ஓரப் பட்டிகளில் இடம் இருந்தும் அங்கே போகச் சொல்ல ஆளில்லை. முன்னால் மைதானத்து வேலி, பின்னால் வந்துகொண்டே இருக்கும் கூட்டம். 97 பேர் உயிரிழந்தனர்.

விசாரணை நடத்திய நீதிபதி டெய்லரின் இறுதி அறிக்கை 1990இல் வந்தது. பெரிய மைதானங்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்றது அது. 1994 முதல் இங்கிலாந்தின் முதல் இரண்டு அடுக்குப் போட்டிகளில் அதுவே விதியானது. ஆனால் ரசிகர்கள் உட்காரவில்லை. இருக்கை முன்னே எழுந்து 90 நிமிடமும் நின்றார்கள். முன்வரிசை இருக்கையின் முதுகு முழங்கால் அளவுதான் இருக்கும். கோல் விழுந்த வேகத்தில் பின்னாலிருந்து ஒருவர் சாய்ந்தால், அது முன்னால் நிற்பவரைத் தடுக்கிவிடும்.

ஜெர்மனி வேறு வழியில் போனது. டார்ட்முண்ட் அணியின் தெற்கு மாடத்தில் இன்றும் ஏறத்தாழ 25,000 பேர் நின்றுதான் பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தின் செல்டிக் அணி 2016இல் தன் மைதானத்தில் ‘பாதுகாப்பாக நிற்கும்’ பகுதி ஒன்றை அமைத்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 2022 ஜனவரியில் ஐந்து மைதானங்களில் சோதனை தொடங்கியது. அதே ஆண்டு அடுத்த பருவம் முதல் நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது.

ஹில்ஸ்பரோவில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களில் பலர் இதை நெடுங்காலம் எதிர்த்தார்கள். அந்த வலிக்கு முன்னால் யாரும் எதிர்வாதம் பேச முடியாது. ஆனால் 2016இல் விசாரணை நடுவர் குழு தெளிவாகச் சொன்ன தீர்ப்பு இது: இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரசிகர்கள் மேல் குற்றமில்லை. கூட்டத்தை நடத்திய விதத்திலும், வேலியை அமைத்த விதத்திலும், எத்தனை பேர் உள்ளே போகிறார்கள் என்பதை எண்ணாமல் விட்டதிலும்தான் பிழை இருந்தது.

‘பாதுகாப்பாக நிற்பது’ என்றால்?

ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படி. ஒவ்வொரு படியிலும் இடுப்பு உயரத்துக்கு உறுதியான இரும்புக் கம்பி. அதோடு சேர்ந்த மடக்கு இருக்கை. ஓர் இருக்கைக்கு ஓர் ஆள்தான். நிற்கலாம் என்பதற்காகக் கூடுதலாக ஒருவரையும் உள்ளே விடமாட்டார்கள். பின்வரிசையில் ஒருவர் தடுமாறினால் அவருக்கு முன்னுள்ள கம்பி அவரைத் தாங்கிக்கொள்ளும். அந்தத் தள்ளல் அடுத்த வரிசைக்குப் போகாது.

கம்பி இல்லாத இடத்தில் நடப்பது நேர்மாறு. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நின்றால் அவரவர் காலில் அவரவர் நிற்கலாம், திரும்பலாம், நகரலாம். ஆறு, ஏழு பேர் ஆகும்போது யாருக்கும் தன் உடல்மேல் கட்டுப்பாடு இருக்காது. ஓரிடத்தில் விழும் தள்ளல் கூட்டம் முழுக்க அலையாகப் போகும். இப்படிப்பட்ட நெரிசலில் பெரும்பாலோர் இறப்பது மிதிபட்டு அல்ல. நெஞ்சு விரிய இடமில்லாமல், நின்ற நிலையிலேயே மூச்சு முட்டி இறக்கிறார்கள்.

இருக்கை போட்டுவிட்டால் மட்டும் இது தீர்ந்துவிடாது. பெங்களூரு சின்னசாமி மைதானம் இருக்கைகள் நிறைந்த மைதானம்தான். 2025 ஜூன் 4 அன்று அதன் வாசல்களுக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் பிரச்சாரக் கூட்ட நெரிசல் 41 உயிர்களைக் கொண்டுபோனது. எத்தனை பேர் வரலாம், அவர்கள் எங்கே நிற்பார்கள், எந்த வழியாகப் போவார்கள் என்ற மூன்றுக்கும் கூட்டம் சேரும் முன்பே விடை இருக்க வேண்டும்.

நம் திடலில் ஆபத்து இரண்டு

கால்பந்து மைதானத்தில் நெரிசல் ஒன்றுதான் பயம். நமக்கு நெரிசலோடு காளையும் உண்டு. 2017 ஜனவரி 22இல் ராப்பூசலில் இருவர் மாடு குத்தி இறந்தார்கள். 2019 ஜனவரி 20இல் விராலிமலையில் 1,300க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துச் சாதனை படைத்த அதே நாளில் இருவர் உயிர் போனது. அவர்கள் மாடு பிடிக்க வந்தவர்கள் அல்லர், பார்க்க வந்தவர்கள். 2018இல் மதுரை பாலமேட்டில் இறந்த 19 வயது இளைஞரும் வேடிக்கை பார்க்க வந்தவர்தான். களம் தாண்டிய காளைகளை உரிமையாளர்கள் பிடிக்கும் இடத்துக்கு அருகே அவர் நின்றிருந்தார்.

இதனால்தான் விதிகள் எட்டடி உயர இரட்டைத் தடுப்பு கேட்கின்றன. பார்வையாளர் மாடத்தின் உறுதிக்குப் பொதுப்பணித் துறையின் சான்றும் வேண்டும். 2023இல் தச்சங்குறிச்சியில் ஏற்பாடுகள் போதாதென்று அனுமதி தள்ளிப்போய், ஜனவரி 8 அன்றுதான் ஜல்லிக்கட்டு நடந்தது. விதி ஏட்டில் மட்டும் இல்லை, அதிகாரிகள் அதைப் பார்க்கிறார்கள் என்பதற்கு அது சான்று.

ஆனால் அந்தத் தடுப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஹில்ஸ்பரோவுக்குப் பிறகு இங்கிலாந்தில் மைதானத்தைச் சுற்றியிருந்த வேலிகளை அகற்றிவிட்டார்கள். நெரிசல் வந்தால் ரசிகர்கள் முன்பக்கமாகப் புல்தரையில் இறங்கிவிடலாம். நமக்கு அந்த வழியே இல்லை, முன்னால் காளை நிற்கிறது. எட்டடித் தடுப்பு காளையிடமிருந்து நம்மைக் காக்கிறது. கூட்டம் நெருக்கினால் அதே தடுப்பில்தான் நம்மை நசுக்கும். ஆகவே நம் திடலில் தப்பிக்கும் வழி பின்பக்கமும் பக்கவாட்டிலும் மட்டுமே இருக்க முடியும். அந்த வழியில் பைக் நிறுத்துவது, தின்பண்டக் கடை போடுவது, தடுப்பு வைத்து அடைப்பது ஆகிய மூன்றையும் தவிர்ப்பது தடுப்பைக் கட்டுவதற்குச் சமமான வேலை.

மேடை எவ்வளவு தாங்கும்?

சவுக்கு, தைலமரக் கம்புகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிப் பலகை போட்ட மேடைதான் பெரும்பாலும் நம் ஊர்க் கேலரி. பத்து மீட்டர் நீளமும் மூன்று மீட்டர் அகலமும் உள்ள ஒரு மேடையை எடுத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்கு நான்கு பேர் என்றால் 120 பேர். ஆளுக்கு 60 கிலோ வைத்தாலும் 7,200 கிலோ. பேர்பெற்ற காளை வெளியே வரும்போது இத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுவார்கள், ஒரே பக்கம் சாய்வார்கள், குதிப்பார்கள். அப்போது கம்புகளுக்கு வரும் அழுத்தம் வெறும் எடையைவிடக் கணிசமாகக் கூடும்.

கட்டடங்களுக்கான இந்தியத் தரக் குறியீடு இதைக் கணக்கில் எடுத்திருக்கிறது. நிலையான இருக்கைகள் உள்ள கூட்ட அரங்கின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 400 கிலோ தாங்க வேண்டும். இருக்கை இல்லாத தளம் ஏறத்தாழ 500 கிலோ தாங்க வேண்டும். அதாவது நிற்பவர்களுக்கான மேடை உட்காருபவர்களுக்கான மேடையைவிடக் கூடுதல் உறுதியோடு இருக்க வேண்டும். மேலே சொன்ன மேடைக்கு இது 15,000 கிலோ. ‘உட்காரத்தான் போட்டோம், ஏறி நின்றுவிட்டார்கள்’ என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. ஜல்லிக்கட்டில் எல்லோரும் எழுந்து நிற்பார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்த செய்தி.

மேடை சரிவது பெரும்பாலும் செங்குத்துக் கம்பு முறிவதால் அல்ல. பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்க மூலைக்கு மூலை சாய்த்துக் கட்டும் குறுக்குக் கம்புகள் போதாமல் போவதும், ஈர மண்ணில் கால்கள் புதைவதும் முக்கியக் காரணங்கள். நம் ஜனவரி மண் வடகிழக்குப் பருவமழை முடிந்த மண் என்பதை மறக்கக் கூடாது. 2022 மார்ச் 19 இரவு, கேரளத்தின் மலப்புரம் மாவட்டம் பூங்கோட்டில் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) கால்பந்து பார்க்க நிறைந்திருந்த தற்காலிகக் கேலரி சரிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். அங்கே முட்டவரும் காளை எதுவும் இல்லை.

எல்லோருக்கும் நாற்காலி போட்டால் என்ன?

மதுரை கீழக்கரையில் 66 ஏக்கரில் கட்டி, 2024 ஜனவரி 24இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் அந்த வழியில் போயிருக்கிறது. ஆனால் நம் மாவட்டத்தில் ஜல்லிக்கட்டு கோயில் திருவிழாவோடும் ஊர்த் திடலோடும் சேர்ந்தது. ஊருக்கு ஊர் நிரந்தர அரங்கம் கட்ட முடியாது. தற்காலிக மேடையில் நாற்காலி மட்டும் என்று வைத்தால் பாதிப்பேர் வெளியே நிற்பார்கள். வெளியே நிற்பவர் வீட்டுக்குத் திரும்பமாட்டார். மரத்தில் ஏறுவார், அல்லது காளை வெளியேறும் பாதையோரம் போய் நிற்பார். நாற்காலி கிடைத்தவரும் நல்ல காளை வந்தால் அதன்மேல் ஏறுவார். சறுக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நிற்பதைவிட, கம்பியைப் பிடித்துத் தரையில் நிற்பது எவ்வளவோ மேல்.

எனவே என் கருத்து இது: முதியோருக்கும், பெண்களில் விரும்புவோருக்கும், குழந்தையோடு வருவோருக்கும் இருக்கை மாடம் தனியாக இருக்கட்டும். மற்றவர்களுக்கு முறையாக அமைத்த நிற்கும் பகுதி வேண்டும். நின்று பார்ப்பதை ஒழுங்கீனமாக நினைத்து விரட்டும்வரை அது ஆபத்தான இடங்களில்தான் நடக்கும்.

விழாக் குழு செய்யக்கூடியவை

• நிற்கும் பகுதியை ஐம்பது, நூறு பேர் கொள்ளும் சிறு கட்டங்களாகப் பிரிக்க வேண்டும். சதுர மீட்டருக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது. கொள்ளளவைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

• கட்டத்துக்கு ஒரு நிற அனுமதிச் சீட்டு. சீட்டு தீர்ந்தால் அந்தக் கட்டம் நிறைந்தது. 2022இல் கொரோனாக் கட்டுப்பாட்டின்போது 150 பார்வையாளருக்கு மேல் கூடாது என்ற வரம்போடு நாமே நடத்தியிருக்கிறோம். எண்ணுவது நமக்குப் புதிதல்ல.

• படிப்படியாக உயரும் தரை, படிதோறும் இடுப்பு உயரக் கம்பி. பின்னால் நிற்பவருக்குக் களம் தெரிந்தால் அவர் முன்னால் தள்ளமாட்டார்.

• தடுப்புக்கும் முதல் வரிசைக்கும் நடுவே ஆள் நடமாடும் இடைவெளி. காளையின் கொம்பும் கூட்டத்தின் தள்ளலும் சந்திக்காமல் இருக்க இது தேவை. தன்னார்வலர்கள் கூட்டத்தின் முகம் பார்த்து நிற்க வேண்டிய இடமும் இதுவே.

• கட்டத்துக்குக் கட்டம் பின்வாசல், அது கடைசிவரை திறந்தபடி. ஆட்டம் முடிந்தால் கூட்டம் எட்டு நிமிடத்துக்குள் வெளியேற முடிய வேண்டும் என்பது பிரிட்டன் மைதானங்களின் அளவுகோல்.

• காளை வெளியேறும் பாதையிலும், உரிமையாளர் காளையைப் பிடிக்கும் இடத்திலும் பார்வையாளருக்கு இடமே கூடாது. இருபுறமும் தடுப்பு வேண்டும்.

• உறுதிச் சான்று கேட்கும்போதே ‘இது நிற்பவர்களுக்கான மேடை’ என்று சொல்லிக் கேட்க வேண்டும்.

பார்க்கப் போகிறவருக்கும் கடமை உண்டு. போனவுடன் வெளியேறும் வழி எது என்று பாருங்கள். கை மடக்கி நெஞ்சுக்கு முன் வைக்கவும் இடமில்லாத அளவுக்கு நெருக்கம் வந்தால், அடுத்த காளைக்காகக் காத்திருக்காமல் பக்கவாட்டில் நகருங்கள். பிள்ளையைத் தோளில் ஏற்றிக்கொண்டு தடுப்போரம் நிற்காதீர்கள்.

2014இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடே தெருவில் நின்று போராடி அதை மீட்டது. 2023 மே 18இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு தமிழ்நாட்டின் சட்டம் செல்லும் என்றது. போராடிப் பெற்ற உரிமையில் பார்க்க வருகிறவரின் உயிரும் அடங்கும்.

இதற்கு எந்தப் புதுச் சட்டமும் வேண்டியதில்லை. அக்டோபர் 2ஆம் தேதியும் நவம்பர் 1ஆம் தேதியும் கிராம சபை கூடுகிறது. ஜனவரி ஜல்லிக்கட்டுக்கு விழாக் குழு மனு எழுதும் முன்பே வரும் கூட்டங்கள் அவை. நம் ஊர்த் திடலில் எத்தனை பேர் நிற்கலாம், அவர்கள் எந்த வழியாக வெளியேறுவார்கள் என்ற இரண்டு கேள்விகளை அங்கே எழுந்து கேளுங்கள். பதில் இல்லையென்றால், பதில் கிடைக்கும்வரை மேடைக்குக் கம்பு நட வேண்டாம் என்று தீர்மானம் போடுங்கள்.