ஒரு நாள் மலரும் ஒன்றுபட்ட முயற்சியும்

காலையில் மலர்ந்து மாலையில் வாடிவிடும் ஒரு பூவை நம்பிச் சங்கம் அமைத்துப் பல்லாண்டுகள் நடத்த முடியுமா என்று அங்கத்தினர் சிலர் ஐயுறலாம். அமெரிக்க நாட்டுத் தோட்டப் பிரியர்கள் அதனைச் செய்து காட்டியிருக்கிறார்கள். குளத்தூர் வட்டாரத்தில் பூப்பயிர் செய்வோருக்கும், செய்ய எண்ணுவோருக்கும் அவர்களுடைய அநுபவம் பயன்படும் என்று கருதி, அதனை இங்கே விவரிக்கிறோம்.

பூவின் இயல்பு

அப்பூவின் பெயர் டே லில்லி. தாவர நூலார் அதனை ஹெமரோகாலிஸ் என்பர். கிரேக்க மொழியில் ஒரு நாள் அழகு என்பது அதன் பொருள். சீனம், கொரியா, ஜப்பான் முதலிய கிழக்காசிய நாடுகளே அதன் தாயகம். சீனத்தில் அதன் மொட்டை உலர்த்திச் சமையலிலும் சேர்ப்பார்கள். ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். ஆயினும் ஒரு தண்டில் பல மொட்டுகள் இருப்பதால், செடி வாரக்கணக்கில் பூத்துக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தூரைத் தோண்டிப் பிரித்து நட்டால், ஒவ்வொரு பிரிவும் தாய்ச்செடியை அப்படியே ஒத்து வளரும். விதையிலிருந்து வளர்த்தாலோ தாயின் குணம் அப்படியே அமைவதில்லை.

நியூயார்க் தாவரவியல் பூங்காவில் பணியாற்றிய ஏ. பி. ஸ்டவுட் என்ற அறிஞர் இச்செடியைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து புதிய கலப்பினங்களை உண்டாக்கினார். 1934-இல் இதைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டார்.

கடிதத்தில் பிறந்த சங்கம்

அயோவா மாநிலத்து ஷெனாண்டோவா என்ற சிற்றூரின் வானொலியில் ஹெலன் பீல்ட் பிஷர் என்ற அம்மையார் தோட்டக்கலை பற்றிப் பேசிவந்தார். பூச்செடி வளர்ப்போர் தம் அநுபவத்தை எழுதி அடுத்தவருக்கு அனுப்புவர். அவர் தம் கடிதத்தையும் சேர்த்து அதற்கடுத்தவருக்கு அனுப்புவர். இவ்விதம் சுற்றிச் சுற்றி வந்த கடிதக் கட்டுகளால் அறிமுகமானவர்கள் 1946-இல் அவ்வூரிலேயே கூடி ஒரு சங்கம் நிறுவினர். அதுவே பின்னர் அமெரிக்க ஹெமரோகாலிஸ் சங்கமாக வளர்ந்தது.

அச்சங்கத்தின் பணிகளுள் தலையாயது பதிவு. ஒருவர் புதிய இனம் ஒன்றை உண்டாக்கினால் அதன் பெயர், உயரம், நிறம், பூக்கும் பருவம், உண்டாக்கியவர் பெயர் ஆகியவற்றைச் சங்கத்தில் பதிய வேண்டும். ஒரு முறை பதிந்த பெயரை வேறொரு செடிக்கு இட இயலாது. 1955 முதல் இப்பூவினத்துக்கு உலகம் முழுவதற்குமான பதிவு அதிகாரம் இச்சங்கத்திடம் உள்ளது. இதுவரை பதிவான இனங்கள் 80,000-க்கும் மேற்பட்டவை.

இரண்டாவது, காட்சித் தோட்டங்கள். அங்கத்தினர் தம் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் பெயர்ப்பலகை நட்டு, பூக்கும் காலத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றனர். விலை கொடுக்குமுன் செடியைக் கண்ணால் கண்டு தெளியலாம். மூன்றாவது, செடி விற்பனை. அங்கத்தினர் பிரித்தெடுத்த தூர்களைக் கொண்டுவர, கிளைச் சங்கம் அவற்றை ஏலத்திலோ விலைக்கோ விற்று, வரும் பணத்தைச் சங்கச் செலவுக்கு வைத்துக்கொள்கிறது. நான்காவது, பொருட்காட்சி. பயிற்சி பெற்ற நடுவர்கள் பூக்களை மதிப்பிடுவர். சிறந்த இனத்துக்கு ஸ்டவுட் பெயரால் வெள்ளிப் பதக்கம் 1950 முதல் வழங்கப்படுகிறது.

பகிர்வதில் உள்ள அபாயம்

பகிர்ந்துகொள்ளும் பழக்கத்துக்கு ஒரு சோதனையும் வந்தது. ஆசியாவில் முன்பே இருந்த துரு நோய் 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தென்பட்டது. செடிகள் கை மாறியதோடு நோயும் கை மாறி, பல மாநிலங்களுக்குக் குறுகிய காலத்தில் பரவியது. புதிய செடியைத் தோட்டத்தில் சேர்க்குமுன் தனியே வைத்துக் கவனித்தல், நோயுற்ற இலைகளை நீக்குதல், நோய் தாங்கும் இனங்களைக் குறித்துவைத்தல் ஆகிய கட்டுப்பாடுகளை அங்கத்தினர் கைக்கொள்ள வேண்டியதாயிற்று.

நம் வட்டாரத்துக்குப் பயன் யாது?

இந்தப் பூவையே குளத்தூரில் நடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. சரம் தொடுக்க உதவாத பூவுக்கு நம் சந்தையில் இடமில்லை. ஆயினும் நம் மல்லிகையும் முல்லையும் சம்பங்கியும் ஒரு நாள் செல்வமே அல்லவா?

நம் மண்ணில் பூவின் மதிப்பு புதிதன்று. பழைய குளத்தூர் வட்டத்துச் சித்தன்னவாசலின் விதான ஓவியத்தில் தாமரைக் குளமும் பூக்கொய்வோரும் இன்றும் காண்கிறோம். நார்த்தாமலை முத்துமாரியம்மனுக்குப் பூச்சொரிதல் என்றால் எத்தனை கூடை பூ தேவையென்று நாம் அறிவோம். இம்மாவட்டத்தின் கீரமங்கலம் பகுதி பூச்சாகுபடிக்குப் பெயர் பெற்றது. 2018 நவம்பரில் கஜா புயல் அப்பகுதியைக் கடுமையாகத் தாக்கியதையும், 2020 ஊரடங்கில் சந்தைகள் மூடப்பட்டுப் பூக்கள் பறிப்பாரின்றிச் செடியிலேயே உதிர்ந்ததையும் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

முகூர்த்த நாளில் விலை ஏறுகிறது. முகூர்த்தம் இல்லாத நாளில் இறங்குகிறது. விடியுமுன் பறித்த மொட்டு விரிவதற்குள் விலையாக வேண்டும். நாளைக்கு விற்கலாம் என்று வீட்டில் வைத்திருக்க இது நெல் அன்று. ஆகவே தனித்து நிற்கும் விவசாயி, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்.

விலைக்கு முன்னரே தொடங்கும் நஷ்டம் ஒன்றும் உண்டு. அது நடவுப் பொருளால் வருவது. பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பிரஜ்வல், சிருங்கார் முதலிய நல்ல சம்பங்கி இனங்களைத் தந்திருக்கிறது. ஆனால் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு இன்ன இனம் என்று கூறுவது எளிதன்று. பூத்த பிறகே உண்மை தெரியும். உழவு, எரு, தண்ணீர், கூலி யாவும் அதற்குள் செலவாகிவிடும். மேலும் வேர்முடிச்சு நூற்புழு தாக்கிய நிலத்துக் கிழங்கை வாங்கினால், துரு நோய் பரவியதைப் போல அப்புழுவும் நம் வயலுக்குக் குடியேறும். கடன் வாங்கி நட்டவருக்கு இது இரட்டை இழப்பாகும்.

நாம் கூறும் யோசனை

இதற்குப் பெருமுதல் தேவையில்லை. பூப்பயிர் செய்யும் அங்கத்தினர் பத்துப் பேர் ஒரு குழுவாகச் சேரலாம். ஒரு சிறு துண்டு நிலத்தில், பெயர் தெரிந்த இனங்களைப் பலகையிட்டு வளர்க்கலாம். குடுமியான்மலை அரசு தோட்டக்கலைப் பண்ணையின் ஆலோசனையை நாடலாம். யார், எங்கிருந்து, எப்போது கிழங்கோ பதியனோ பெற்றார், அது எப்படிப் பூத்தது என்பதை ஒரு நோட்டில் எழுதிவரலாம். நோய் கண்ட வயலிலிருந்து எவருக்கும் நடவுப் பொருள் கொடுப்பதில்லை என்று ஒரு விதி செய்துகொள்ளலாம். நம்பிக்கை வேரூன்றிய பின், பூவையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே வண்டியில் சந்தைக்கு அனுப்பலாம்.

நெசவாள அங்கத்தினருக்கு இது புதிய பாடமன்று. நூலின் நம்பர் தவறினால் துணி தவறும் என்பதை அவர்கள் அறிவார்கள். நூல் வாங்குவதிலும் துணி விற்பதிலும் ஒன்றுபட்டால் பலன் உண்டென்பதை, 1935-இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் வழியாகத் தமிழ்நாட்டு நெசவாளர் கண்டிருக்கின்றனர்.

அமெரிக்க அன்பர்களுக்குப் பூ பொழுதுபோக்கு. நமக்கு அது பிழைப்பு. பொழுதுபோக்குக்கே அத்தனை ஒழுங்கும் பதிவும் வேண்டியிருக்குமானால், பிழைப்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதை அங்கத்தினர் சிந்திப்பாராக. வரும் நடவுப் பருவத்துக்கு முன்பே இது குறித்துச் சங்கக் கூட்டத்தில் பேசி ஒரு முடிவுக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறோம்.