உரைகல் இல்லாத உலோகம்

பொருள் வாங்கும் கலையை எவரும் நமக்குப் பள்ளியிற் கற்பித்ததில்லை. ஆயினும் திருக்கோணமலைக் கடைத்தெருவில் அதை அறியாதவர் அரியர். மீன் வாங்குபவர் செவுளைத் தூக்கிப் பார்க்கிறார். தேங்காய் வாங்குபவர் காதருகே வைத்துக் குலுக்குகிறார். நகை வாங்குபவருக்காகத் தட்டார் உரைகல்லில் ஒரு கீறல் இழுத்து மாற்றுச் சொல்கிறார். பொன்னின் தரத்தைக் குறிக்க ‘மாற்று’ என்று தனிச் சொல்லே வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஆனால், பழைய மோட்டார் வாகனம் ஒன்றை வாங்க வருபவர் எதில் உரைத்துப் பார்ப்பார்? கதவைத் தட்டுகிறார். குனிந்து அடித்தட்டில் துருவைத் தேடுகிறார். கடற்காற்று வீசும் ஊரில் அது மிக நல்ல பழக்கந்தான். கை தேர்ந்தவராயிருந்தால், சட்டைப் பையிலிருந்து சிறு காந்தம் ஒன்றை எடுத்து ஆங்காங்கே ஒட்டியும் பார்க்கிறார். ஒட்டினால் உள்ளே உருக்குத் தகடு. ஒட்டாவிட்டால் நெளிவை மறைத்துப் பூசிய பசை. இன்றைய கார்கள் சிலவற்றின் முன்மூடியோ அலுமினியத்தால் ஆனது. அதிற் காந்தம் ஒட்டாது. நல்ல தகட்டிலும் ஒட்டாது, கெட்ட தகட்டிலும் ஒட்டாது.

உலோகத்தின் வலிமை கண்ணுக்குத் தெரிவதன்று. தொழிற்சாலையில் தகட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி, இரு முனைகளையும் யந்திரத்திற் பிடித்து, அறும்வரை இழுப்பார்கள். எத்தனை விசையில் அறுந்தது, அறுமுன் எவ்வளவு நீண்டது என்பன எண்களாகக் குறிக்கப்படும். அவ்வெண்கள் தர அத்தாட்சிப் பத்திரத்தில் ஏறும். பத்திரம் சரக்கோடு செல்லும். கார் செய்பவர் ஒவ்வொரு தகட்டையும் மறுபடி இழுத்துப் பார்ப்பதில்லை. காகிதத்தை நம்புகிறார். அவரைக் காரை வாங்குபவர் நம்புகிறார். அவரிடமிருந்து இரண்டாங் கையாக வாங்கும் நம் ஊர்ச் சாரதியோ, தாம் யாரை நம்புகிறோம் என்பதைக்கூட அறியார்.

இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி 2017 ஆம் ஆண்டு அக்டோபர் 8 ஆம் திகதி அறுந்தது. 1905 இல் தோன்றிய கோபே ஸ்டீல் என்னும் ஜப்பானிய ஸ்தாபனம், தன் அலுமினிய, செப்புப் பொருள்களின் பரீட்சை எண்களைத் திருத்தி எழுதி விற்றதாக அன்று தானே ஒப்புக்கொண்டது. 2016 செப்டெம்பர் முதல் ஓராண்டில் மட்டும் 19,300 தொன் அலுமினியத் தகடுகளும் பிதுக்கிச் செய்த உருக்களும், 2,200 தொன் செப்புப் பொருள்களும், வார்த்தும் அடித்தும் செய்த 19,400 அலுமினிய உறுப்புகளும் அவ்வாறு சென்றிருந்தன. முதலில் 200 கம்பனிகள் என்றார்கள். ஒரு வாரத்துக்குள் 500 என்றார்கள். இறுதியில் 600 ஐயும் தாண்டிற்று. டொயோட்டா, ஹொண்டா, நிசான், மஸ்டா என்று நாம் வீதியில் நாள்தோறும் காணும் பெயர்கள் யாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. அதிவேக ரயிலும் விமானமும்கூடத் தப்பவில்லை.

இதில் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது ஒரு சொல். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் ‘டொக்குசாய்’ என்றொரு வழக்கம் உண்டு. ‘சிறப்பு ஏற்பு’ என்று சொல்லலாம். சரக்கு பேசிய அளவிலிருந்து சிறிது குறைந்தால், வாங்குபவரிடம் உண்மையைக் கூறி, அவர் சம்மதித்தால் கொடுப்பது. நேர்மையான ஏற்பாடுதான். கோபேயில் அந்தக் கூறுதலும் சம்மதமும் காலப்போக்கில் உதிர்ந்து போயின. பெயர் மட்டும் நின்றது. தவணைக்குச் சரக்கு போக வேண்டும், இலாபம் குறையக் கூடாது, முன்பு இருந்தவரும் இப்படித்தான் செய்தார் என்று எழுதுகோல் தானாகவே எண்ணைத் திருத்தப் பழகிவிட்டது. சில இடங்களில் இவ்வழக்கம் 1970 களிலேயே தொடங்கியது என்று 2018 மார்ச்சில் வந்த விசாரணை அறிக்கை காட்டிற்று. தலைவர் பதவி விலகினார். 2019 மார்ச்சில் நீதிமன்றம் பத்துக் கோடி யென் அபராதம் விதித்தது. ஐம்பதாண்டுப் பொய்க்கு அது பெருந்தொகையா என்பதை வாசகரே நிறுத்துப் பார்க்கலாம்.

இச்செய்தி நம் துறைமுக நகருக்கு ஏன் பெரிது என்று கேட்பாருண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி இத்துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்தவை ஜப்பானிய விமானங்கள். எண்ணெய்த் தாங்கி எரிந்த கதையைத் தாத்தாமார் வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த நாட்டின் பெயரே சில பத்தாண்டுகளில் இங்கே நம்பிக்கையின் மறுபெயராயிற்று. ‘ஜப்பான் சாமான்’ என்றால் அதற்குமேற் கேள்வி இல்லை. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வான், நோயாளியைக் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டோடும் வான், கிண்ணியாவுக்கும் மூதூருக்கும் கல்யாண வீட்டாரைச் சுமக்கும் வான் என எல்லாம் பெரும்பாலும் அங்கே ஒருவர் ஓட்டிக் கழித்தவை. கந்தளாய் தாண்டி ஹபரணை வீதியில், இரவிற் காட்டு யானை குறுக்கிடும் இடத்தில், பிரேக்கை மிதிக்கும் கால் நம்புவது அந்தப் பெயரைத்தான்.

செய்தி வந்த வாரத்தில் எங்கள் வீதி வான் சாரதி ஒருவர் பத்திரிகைத் துண்டோடு என்னிடம் வந்தார்.

“மாஸ்டர், ஜப்பான் தகடு பிழையாம் எண்டு போட்டிருக்காங்களே. நம்மட வண்டியிலயும் அது இருக்குமா?”

“எந்தத் தகடு எந்த வண்டிக்குப் போனது என்ற கணக்கு நம்மிடம் இல்லையே, தம்பி” என்றேன்.

“அப்ப ஆரிட்டக் கேக்கிறது?”

அவருக்கு நான் சொல்லக்கூடிய ஆறுதல் சிறிது உண்டு. அக்டோபர் மாதத்திலேயே டொயோட்டாவும் ஹொண்டாவும் மஸ்டாவும் தம் கார்களின் முன்மூடி, பின்கதவு முதலியவற்றிலுள்ள அலுமினியத் தகட்டை ஆராய்ந்து, பாதுகாப்புக்குக் குறைவில்லை என்று அறிவித்தன. பொறியியலாளர் தேவைக்கு மேலாகச் சிறிது வலிமையை எப்போதும் ஒதுக்கி வைப்பதுண்டு. கோபே தின்றது பெரும்பாலும் அந்த ஒதுக்கத்தைத்தான். ஆனால் அந்த ஒதுக்கம் யாருடைய உடைமை? மழையில் வழுக்கும் வீதிக்காகவும், அளவுக்கு மேல் ஏறிய பாரத்துக்காகவும், முன்மூடியில் வந்து விழும் பாதசாரியின் தலைக்காகவும் வைத்தது அது. தகடு செய்பவர் சிறிது, பூட்டுபவர் சிறிது, விற்பவர் சிறிது என்று ஒருவரறியாமல் ஒருவர் அதை எடுத்துக்கொண்டால் மீதி எவ்வளவு என்று சொல்ல எவருமில்லை. ஆகவே அந்தச் சாரதியின் அச்சத்தை அறியாமை என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

ஒப்பாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே 2017 இல் தக்காத்தா என்னும் வேறொரு ஜப்பானியக் கம்பனி, காரின் காற்றுப்பைகள் பற்றிய பரீட்சை அறிக்கைகளைப் பொய்யாகக் கொடுத்ததை அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அங்கே பொய் ஒதுக்கத்தோடு நிற்கவில்லை, உயிரையே தின்றது. பையை ஊதவைக்கும் அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரமும் மாறி மாறித் தாக்கப் பல ஆண்டுகளிற் கெட்டுவிடும். பின்னர், மோதலின்போது ஊதுவதற்குப் பதிலாக வெடிக்கும். அதைச் சூழ்ந்த உலோகக் கூடு சில்லுகளாய்ச் சிதறி, காக்க வேண்டியவரின் கழுத்தையே தாக்கும். மலேசியாவில் இதனால் மாண்டோர் உண்டு. உலகெங்கும் சுமார் பத்துக் கோடி ஊதிகளை மாற்றும்படி கார்களை மீள அழைத்தார்கள். அமெரிக்காவில் புளோரிடா போன்ற வெம்மையும் ஈரமும் மிகுந்த மாநிலங்களுக்கே முதலிடம் தந்தனர். நம் ஊரின் வெயிலையும் உப்புக் காற்றையும் அறிந்தவர் இதை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

மீள அழைக்கும் கடிதம் யாருக்குப் போகிறது? ஜப்பானிற் பதிந்த உரிமையாளருக்கு. அவர் காரை விற்றுப் பல காலமாயிற்று. கார் ஏலத்தில் ஏறி, கப்பலில் ஏறி, நம் கடற்கரையில் நிற்கிறது. கடிதம் மட்டும் கப்பலேறுவதில்லை. அத்துடன் 2020 மார்ச்சில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஓடியவையே மேலும் ஓடின. விபத்தில் நொறுங்கிய வண்டியின் உறுப்பு அடுத்த வண்டிக்கு மாறிற்று. காற்றுப்பையும் வெயிலில் மேலும் முதிர்ந்தது. வழி திறந்தபின் வந்திறங்கும் புதிய வண்டிகளிலாவது ஐயம் இல்லையா என்றால், 2023 டிசெம்பரில் டைஹட்சு கம்பனி 64 மாதிரிகளின் பாதுகாப்புப் பரீட்சைகளில் முறைகேடு செய்ததை ஒப்புக்கொண்டது. மோதலை உணர்ந்து விரிய வேண்டிய காற்றுப்பையை, பரீட்சையில் மட்டும் நேரக் கருவி வைத்து விரியச் செய்த கதையும் அதில் ஒன்று. பள்ளிப் பரீட்சையில் இவ்வாறு செய்த மாணவனை நாம் என்ன செய்வோம் என்பது ஆசிரியர்களாகிய நமக்குத் தெரியும்.

சாரதியின் கேள்விக்கு ஒரு பாதி விடை உண்டு. ஒவ்வொரு வண்டியிலும் செசி இலக்கம் பொறித்திருக்கிறது. அதை அந்தந்தக் கம்பனியின் ஜப்பானிய இணையத்தளத்தில் இட்டால், மீள அழைக்கப்பட்ட வண்டியா, திருத்தம் நடந்ததா என்று காட்டும். பக்கம் ஜப்பானிய மொழியில் இருப்பதே தடை. மொழிபெயர்ப்புக் கருவிகள் மலிந்த இக்காலத்தில் அது பெருந்தடையன்று. கடந்த விடுமுறையில் என் உயர்தர வகுப்பு மாணவர் இருவர் எங்கள் வீதி வண்டிகள் பதினொன்றின் இலக்கங்களைக் கொப்பியில் எழுதி வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இரண்டில் காற்றுப்பை மாற்றப்படவில்லை என்று வந்தது. ஒன்று, காலையிற் பிள்ளைகளை ஏற்றும் வான். மாற்று உறுப்பு எங்கே, எவ்விலைக்குக் கிடைக்கும் என்று கேட்டு உரியவர்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். முன்னிருக்கையிற் பிள்ளைகளை ஏற்றுவதை அச்சாரதி அன்றே நிறுத்திவிட்டார். கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை.