குரல் பிறக்குமுன்

கழுத்தின் முன்புறத்தை விரலால் மெல்லத் தொட்டுக்கொண்டு ஒரு முறை விழுங்கிப் பார்ப்போமாயின், உறுதியான பொருளொன்று மேலேறி இறங்குவதை உணர்வோம். அஃது என்பு அன்று, குருத்தெலும்பு. மாணவர் கசியிழையம் எனக் கற்பதும் இதனையே.

கருவுற்ற நாலாம் கிழமையில் முளையம் ஒரு நெல்மணியளவுதானும் இல்லை. அப்பொழுதே அதன் கழுத்து அமையவேண்டிய இடத்தில், இருபுறமும் வில்போன்ற மடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாய்த் தோன்றுகின்றன. 1825 இல் ஜெர்மானிய அறிஞர் இராத்கே பன்றியின் முளையத்தில் இவற்றையொத்த பிளவுகளைக் கண்டு, மீனின் செவுளோடு ஒப்பிட்டார். சந்தையிலே 'பூ'வைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்கும் நம் தாய்மார் அச்செவுளைத் தாங்கும் வளைந்த சட்டங்களை நன்கறிவர். ஆயின், மனித முளையம் முதலில் மீனாயிருந்து பின்னரே மனிதனாகின்றது எனச் சிலர் எழுதுவது மிகை. அது செவுளால் ஒருபோதும் மூச்சு விடுவதில்லை. தொடக்கத்தில் ஒத்திருக்கும் அமைப்பு மீனில் ஒரு வழியும் நம்மில் வேறு வழியும் செல்கின்றது, அவ்வளவே.

வில் ஒவ்வொன்றினுள்ளும் கலங்கள் நெருங்கிக் கூடித் தம்மைச் சுற்றி உறுதியும் நெகிழ்வும் உள்ள பொருளைச் சுரக்கின்றன, கசியிழையம் பிறக்கின்றது. முதலிரு விற்களின் கசியிழையத்திலிருந்தே நடுச்செவியின் சிற்றென்புகள் மூன்றும் வருகின்றன. நாவினடியிலுள்ள என்பு இரண்டாம் மூன்றாம் விற்களின் கூட்டுப்பேறு. ஐந்தாவது நம்மில் நிலைபெறுவதில்லை. நான்காவதும் ஆறாவதும் குரல்வளைக்கு உரியவை: முன்னே கேடயம் போன்றதொன்று, கீழே மோதிரம் போன்றதொன்று, பின்னே குரல் நாண்களை அசைக்கும் சிறு இணையொன்று. பேசும் உறுப்பும் கேட்கும் உறுப்பும் இவ்வாறு அயலில் பிறந்தவை. பதின்பருவத்து ஆண்பிள்ளைகளின் கழுத்தில் முனைத்துத் தோன்றுவது அக்கேடயமே.

இக்கசியிழையங்கள் உருவாகும் காலத்தில் விந்தையொன்று நிகழ்கின்றது. குரல்வளையின் உட்படை விரைந்து பெருகி வழியை அடைத்துவிடுகின்றது! பின்னர்ப் பத்தாம் கிழமையளவில் அடைப்பு நீங்கி வழி மீண்டும் திறக்கின்றது. மிக அரிதாக அது திறவாதுவிடின், நுரையீரல் சுரக்கும் நீர் வெளியேற வழியின்றி உள்ளே தேங்க, நுரையீரல் வீங்குகின்றது. வயிற்றிலுள்ளவரை தாயின் குருதியே ஒட்சிசனை ஊட்டுகின்றது. பிறந்த கணத்தில்தான் பேராபத்து. அக்குழந்தையால் மூச்செடுக்கவோ அழவோ இயலாது.

இன்று அவ்வீக்கத்தைக் கழியொலிப் படத்தில் முன்னரே காண முடிகின்றது. காணப்படின், பிரசவ அறுவையின்போது குழந்தையின் தலையையும் கழுத்தையும் வெளியெடுத்து, கொப்பூழ்க்கொடியை அறுக்குமுன்னரே அடைப்பின் கீழே வாதனாளியில் துளையிட்டுக் குழாய் செலுத்துகின்றனர். அதன் பின்னரே கொடி அறுக்கப்படுகின்றது.