கடலோர ஈரக்காற்றில் காப்பித்தூள் மணம் போகிறதா? வீட்டிலேயே வறுக்கலாம்

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பகுதியில் காப்பி விளைவதில்லை, தூளாகத்தான் வாங்குகிறோம். கடலோர ஈரக்காற்றில் பொட்டலத்தைப் பிரித்த சில நாட்களிலேயே தூள் கட்டி பிடித்து, மணம் போய்விடும். வறுக்காத பச்சைக் கொட்டை அப்படியல்ல. ஈரம் படாமல் வைத்தால் பல மாதம் தாங்கும். எனவே ஏற்காடு, கொடைக்கானல் கீழ்மலைப் பகுதிகளில் விளையும் அராபிகா கொட்டையை வாங்கி, வாரத் தேவைக்கு மட்டும் வறுப்பதே நல்லது.

வறுக்கும் முறை

முதலில் 100 கிராம் போதும். புகை வரும் என்பதால் திறந்த வெளியில் வறுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இல்லாத இரும்புச் சட்டியில், மிதமான தீயில், வேர்க்கடலை வறுப்பதுபோல் கை விடாமல் கிளறுங்கள். கொட்டை மஞ்சளாகி, பிறகு பழுப்பாகும். சுமார் 10 நிமிடத்தில் 'பட் பட்' என்று வெடிக்கும். வெடிப்பு அடங்கியதும் இறக்கினால் நடுத்தர வறுவல். இன்னும் வறுத்தால் மெல்லிய சடசடப்பு கேட்கும். கொட்டையில் எண்ணெய் மினுங்கும். அது கசப்பு கூடிய கருவறுவல். அதற்கு மேல் போனால் கருகிவிடும்.

இறக்கியதும் முறத்தில் கொட்டிப் புடையுங்கள். தோலும் பறக்கும், சூடும் தணியும். ஒரு நாள் கழித்து அரைக்கவும்.

டிக்காஷன்

ஃபில்டரில் 3 தேக்கரண்டி தூள் போட்டு லேசாக அழுத்தி, கொதித்த நீர் 100 மில்லி ஊற்றி, 15 நிமிடம் விடுங்கள். ஃபில்டர் இல்லையென்றால் கொதித்த நீரில் தூளைப் போட்டு மூடி, 5 நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டலாம். உவர்ப்புள்ள கிணற்று நீர் சுவையைக் கெடுக்கும். நல்ல குடிநீரையே பயன்படுத்துங்கள்.

சுவை சரியில்லையா? வறுவல், தூளின் அளவு, அரைப்பு ஆகியவற்றில் ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். வறுத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

கவனிக்க வேண்டியவை

* வறுக்கும்போது எடை 15 முதல் 20 சதவீதம் குறையும். 1 கிலோ கொட்டைக்கு 800 முதல் 850 கிராம்தான் தேறும். விலையை ஒப்பிடும்போது இதைக் கணக்கில் சேருங்கள்.
* பொட்டலத்தில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கலவையில் காப்பி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்பது சட்டம்.
* பச்சைக் கொட்டையை மூடி இறுகிய டப்பாவில், தரையில் படாமல் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறினால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை வறுத்துக் குடிக்கக் கூடாது.
* வறுத்து விற்க நினைப்பவர்கள், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே தொடங்க வேண்டும்.