குளிர் நாட்டுக்கு ஏற்ற முன்பருவப் 'பாவ்பாவ்' இரகம்

ஆங்கிலத்தில் பப்பாளியையும் 'பாவ்பாவ்' என்பதுண்டு. ஆனால், அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் இயற்கையாக வளரும் பாவ்பாவ் வேறு. அது நமது சீதாப்பழத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இம்மரம், பூஜ்யத்துக்குக் கீழ் 25 டிகிரி சென்டிகிரேடு குளிரையும் தாங்கும். மஞ்சள் சதை, வாழையும் மாம்பழமும் கலந்த சுவையுடையது.

மரம் குளிரைத் தாங்கினாலும் காய் தாங்காது. வசந்தத்தில் பூத்துக் காய் பழுக்க ஏறத்தாழ ஐந்து மாதங்கள் ஆகும். உறைபனி முந்திக்கொண்டால் காய் மரத்திலேயே வீணாகி, ஓராண்டு உழைப்பு போய்விடும். கெட்டியாக இருக்கும்போதே பறித்த காயும் பழுப்பதில்லை. ஆகவே, கோடை குறுகிய இடங்களுக்கு முன்பருவ இரகமே ஏற்றது.

'என்.சி.1' இரகம்

'டேவிஸ்', 'ஓவர்லீஸ்' ஆகிய இரு இரகங்களின் கலப்பில் பிறந்த இதனை, 1976-இல் கனடாவின் ஒன்டாரியோவில் டக்ளஸ் காம்ப்பெல் தேர்வு செய்தார். அங்கு செப்டம்பர் மத்தியிலேயே பழுத்துவிடும். தோல் மெல்லியது, விதைகள் குறைவு.

நடவு

வடிகால் வசதியுள்ள, சற்றே அமிலத்தன்மை கொண்ட மண் தேவை. விதைக் கன்றில் தாயின் குணம் அப்படியே வராது. ஒட்டுக் கன்றையே நட வேண்டும். ஒட்டுக் கன்று 3 அல்லது 4 ஆண்டுகளில் காய்க்கத் தொடங்கும். வரிசையில் 8 அடி இடைவெளி விடலாம். ஆணிவேர் எளிதில் ஒடியுமாதலால் கன்றைக் கவனமாகக் கையாள வேண்டும். இளங்கன்றுக்கு நிழலும், காய்க்கும் மரத்துக்கு முழு வெயிலும் அவசியம்.

மகரந்தச் சேர்க்கை

சீதாவைப் போலவே இதன் பூவிலும் பெண் பாகம் முதலில் பக்குவமாகிறது. தன் மகரந்தத்தால் பெரும்பாலும் காய் பிடிக்காது. எனவே, தோட்டத்தில் குறைந்தது இரு இரகங்களாவது இருக்க வேண்டும். ஈக்களும் வண்டுகளும் போதிய அளவு வராவிட்டால், ஒரு மரத்தின் மகரந்தத்தை மென்மையான தூரிகையால் எடுத்து, வேறு இரக மரத்துப் பூவின் சூல்முடியில் தடவலாம்.

அறுவடை

நிறத்தை மட்டும் நம்பாமல், தொட்டுப் பார்த்து, மென்மையானதும் பறிக்க வேண்டும். பழம் அறை வெப்பத்தில் இரண்டு, மூன்று நாட்களே தாங்கும். ஆகவே, நடுவதற்கு முன்பே அருகில் சந்தை உண்டா என்று பார்ப்பது நல்லது. தோலையும் விதையையும் உண்ணக்கூடாது.

குளிர்கால உறக்கம் இன்றி இம்மரம் சரிவரப் பூக்காது. எனவே நமது சமவெளிக்கு இது ஏற்றதல்ல. இங்கு இதன் உறவான சீதாவே சிறந்தது.