கணிப்பொறிக்குக் குரல் கொடுத்த நிறுவனம்



நான் ஜோகூரில் ஒரு தோட்டப் பள்ளி மாணவனாக இருந்த காலம். விடுமுறைக்குச் சிங்கப்பூர் தேக்காவில் இருந்த மாமா வீட்டுக்குப் போவதுண்டு. ஒருநாள் மாமா என்னைச் சிராங்கூன் சாலை வழியாக நடத்தி, ரோச்சோர் கால்வாயைத் தாண்டி, சிம் லிம் ஸ்குவேர் கட்டடத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒரு கணிப்பொறியில் விமான விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. விமானம் உண்மையாகவே இரைந்தது! "இந்தச் சத்தத்தை உண்டாக்கும் அட்டை நம்ம ஊர்க் கம்பெனி செய்தது, தம்பி" என்றார் மாமா. அந்த நிறுவனத்தின் கதையை இன்று பார்ப்போம்.

அதன் பெயர் கிரியேட்டிவ் டெக்னாலஜி. கம்பத்தில் வளர்ந்து, நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூ, தம் பள்ளித் தோழர் இங் காய் வாவுடன் 1981-இல் இதைத் தொடங்கினார். சைனாடவுனில் இருந்த பேர்ல்ஸ் சென்டரில் ஒரு சிறு கணிப்பொறிக் கடை; அவ்வளவுதான். பின்னர் இவர்கள் சொந்தமாகக் கணிப்பொறியே செய்து பார்த்தார்கள். அது விலைபோகவில்லை. ஆனால், அதற்காக ஒலியைப் பற்றிக் கற்ற பாடம் வீண்போகவில்லை.

அக்காலக் கணிப்பொறிக்குத் தெரிந்ததெல்லாம் 'பீப்' என்ற ஒற்றை ஓசைதான். தோட்டத்துப் பெரட்டு மணியைப் போல; அடிக்கலாம், நிறுத்தலாம், பாட முடியாது. கனடாவின் ஆட்லிப் நிறுவனம் 1987-இல் இசை எழுப்பும் அட்டையை வெளியிட்டது. கிரியேட்டிவ் 1989-இல் வெளியிட்ட சவுண்ட் பிளாஸ்டர் அந்த இசையையும் தந்தது. பதிவு செய்த மனிதக் குரலையும் தந்தது. விளையாட்டுக் கைப்பிடியைப் பொருத்த இடமும் தந்தது. விளையாட்டு நிரல் எழுதியோர் பலர் அதன் பக்கம் சாய்ந்தனர். 1992-இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் என்ற பெருமை இதற்குக் கிடைத்தது. அதே ஆண்டில் ஆட்லிப் நொடித்துப் போனது.

கையில் பணம் வந்ததும் பிற நிறுவனங்களை வாங்கும் படலம் தொடங்கியது. ஒரு தோட்டம் கைமாறும்போது மரங்கள் மட்டுமா கைமாறுகின்றன? பால்வெட்டுத் தெரிந்த கைகளும் அல்லவா சேர்ந்து வருகின்றன? நிறுவனங்களும் அப்படித்தான். 1993-இல் இசைக்கருவி செய்யும் அமெரிக்க நிறுவனமான ஈமு வாங்கப்பட்டது. அதன் பொறியாளர்கள் உருவாக்கிய சில்லுகள்தாம் பிற்காலச் சவுண்ட் பிளாஸ்டர்களின் உயிராயின. 1998-இல் என்சோனிக் வந்து சேர்ந்தது. இவை பலன் தந்த கொள்முதல்கள்.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். ஆரியல் என்ற போட்டி நிறுவனத்துக்கும் கிரியேட்டிவுக்கும் காப்புரிமை வழக்கு நடந்தது. தீர்ப்பு ஆரியலுக்கே சாதகம். ஆனால், வழக்குச் செலவு அதை முறித்துவிட்டது. 2000-இல் அதன் உடைமைகளைக் கிரியேட்டிவே வாங்கியது. வழக்கில் வென்றவர் சந்தையில் தோற்றார். போட்டி குறைந்தால் வாங்குவோருக்கு நன்மையா என்பதை நேயர்கள் சிந்தித்துப் பாருங்கள்.

இதற்கிடையில் தொழிலின் அடிப்படையே மாறியது. இன்டெல் நிறுவனம் 1997-இல் வகுத்த ஒரு நியதியால், ஒலி எழுப்பும் திறன் கணிப்பொறியின் தாய்ப்பலகையிலேயே மலிவாக அமைந்தது. தனி அட்டை எதற்கு என்று மக்கள் கேட்கலாயினர். கிரியேட்டிவ் வேறு வழிகளைத் தேடியது. 2002-இல் பிரிட்டனில் தோன்றிய திரீடிலேப்ஸ் என்ற படச்சில்லு நிறுவனத்தை வாங்கியது. அது எதிர்பார்த்த பலன் தரவில்லை. பத்தாண்டு கழித்து, 2012-இல், அந்தப் பிரிட்டன் பொறியாளர் பிரிவு விற்கப்பட்டது. வாங்கியவர் யார் தெரியுமா? அதே இன்டெல்!

இசைப்பெட்டி தொடர்பான காப்புரிமைக்காக ஆப்பிள் நிறுவனம் 2006-இல் 10 கோடி அமெரிக்க டாலர் கொடுத்தது. மறு ஆண்டே கிரியேட்டிவ் நாஸ்டாக்கிலிருந்து விலகியது. சிம் வோங் ஹூ 2023 ஜனவரியில் காலமானார்.

இதனால் நாம் அறிவது என்ன? பிறர் திறமையை விலைக்கு வாங்கலாம். காலத்தை வாங்க முடியாது. ஆயினும், ஒரு சிறு கடையில் தொடங்கியவர் உலகக் கணிப்பொறிகளுக்குக் குரல் கொடுத்தாரே, அதைத் தோட்டத்துப் பிள்ளைகள் மறக்கலாகாது.