நிலப் பத்திரங்களும் மாவோரி ஆற்றுநீர் உரிமைக் கோரிக்கைகளும்

மாவோரி ஆற்றுநீர் உரிமைக் கோரிக்கைகள் என்பவை நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தம் முன்னோரின் ஆறுகள், ஏரிகள் ஆகியவற்றின் மீது முன்வைத்துவரும் சட்டக் கோரிக்கைகள் ஆகும். இவற்றில் பலவற்றின் வேர் 19ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட நிலக் கிரயப் பத்திரங்களில் உள்ளது. அப்பத்திரங்களின்படி நிலம் கைமாறியது. நிலத்தோடு ஆறும் கைமாறியதா என்பதே ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாக நீடிக்கும் கேள்வி. ஆற்றுப்படுகையைப் பொறுத்தவரை சில இடங்களில் தீர்வு கிடைத்துள்ளது. படுகையின் மேல் ஓடும் நீர் யாருடையது என்பது இன்றும் தீராத வழக்காகவே உள்ளது.

மாவோரி வழக்கில் ஆறு

மாவோரி வழக்கில் ஆற்றுப்படுகை, கரை, நீர், மீன் ஆகியவை தனித்தனி உடைமைகள் அல்ல. மலையிலிருந்து கடல் வரை ஆறு முழுவதும் ஒரே உயிர்ப்பொருளாகவும் மூதாதையாகவும் கருதப்படுகிறது. வடதீவின் வாங்கனூயி ஆற்றோரக் குலத்தார் ஆற்றையும் தங்களையும் ஒன்றாகவே கூறும் பழமொழி நாடெங்கும் அறியப்பட்டது. 'ஹாப்பு' எனப்படும் ஒவ்வொரு குலக்கிளைக்கும் ஆற்றின் குறிப்பிட்ட பகுதியில் விலாங்கு மீன் பிடிக்கும் தடுப்புகளை அமைக்கவும், படகு செலுத்தவும், பிறரை அனுமதிக்கவும் மறுக்கவும் உரிமை இருந்தது. அந்த உரிமையோடு ஆற்றைப் பேணும் கடமையும் இணைந்திருந்தது.

நிலத்தைப் பிறருக்குக் கொடுப்பதற்கு 'துக்கு' என்னும் முறை இருந்தது. இதன்படி வெளியார் ஒருவர் நிலத்தில் குடியிருந்து பயன்பெறலாம். ஆனால் கொடுத்தவரின் தலைமையும் இரு தரப்பின் உறவும் தொடரும். ஒருமுறை பணம் பெற்றதும் எல்லா உறவும் அறுந்துபோகும் ஆங்கிலேயக் கிரய முறை மாவோரிகளுக்குப் புதியது.

இரு மொழிகளில் ஓர் உடன்படிக்கை

1840 பெப்ரவரி 6 அன்று வைத்தாங்கி என்னும் இடத்தில் பிரித்தானிய முடியரசுக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் இடையே வைத்தாங்கி உடன்படிக்கை கையெழுத்தானது. பின்வந்த மாதங்களில் பிற இடங்களிலும் கையொப்பம் பெறப்பட்டது. கையொப்பமிட்ட சுமார் 540 தலைவர்களில் 39 பேர் மட்டுமே ஆங்கிலப் படியில் கையொப்பமிட்டனர். மற்ற அனைவரும் மாவோரி மொழிப் படியில் கையொப்பமிட்டனர்.

இரண்டாம் பிரிவின் ஆங்கிலப் படி நிலம், காடு, மீன்வளம், பிற உடைமைகள் ஆகியவற்றை மாவோரிகள் விரும்பும் வரை அவர்களே வைத்திருக்கலாம் என்று உறுதியளித்தது. மாவோரிப் படி அவர்களுடைய நிலங்கள், ஊர்கள், 'தாவோங்கா' எனப்படும் அருஞ்செல்வங்கள் அனைத்தின் மீதும் முழுத் தலைமை அதிகாரத்தை உறுதியளித்தது. ஆறு என்னும் சொல் இரண்டு படிகளிலும் தனியாக இடம்பெறவில்லை. ஆறு தங்களின் தாவோங்கா என்பது மாவோரிகளின் வாதம். அதே பிரிவின்படி மாவோரி நிலத்தை வாங்கும் முன்னுரிமை முடியரசுக்குக் கிடைத்தது.

பத்திரங்களில் எழுதப்பட்டவை

வாங்கனூயி பகுதியில் உடன்படிக்கைக்குக் கையொப்பம் பெறப்பட்ட 1840 மே மாதத்திலேயே நியூசிலாந்து கம்பெனி என்னும் தனியார் குடியேற்ற நிறுவனமும் ஒரு நிலப் பத்திரத்தில் கையொப்பம் பெற்றது. விலையாகக் கொடுக்கப்பட்டவை சுமார் 700 பவுண்டு மதிப்புள்ள பண்டங்கள். இக்கொள்முதல் செல்லுமா என்பதை அரசு ஆணையர் வில்லியம் ஸ்பெயின் விசாரித்தார். மாவோரிகளுக்கு 1000 பவுண்டு இழப்பீடு வழங்கி 40,000 ஏக்கரைக் கம்பெனிக்கு அளிக்கலாம் என்று அவர் முடிவுசெய்தார். மாவோரிகள் அத்தொகையை ஏற்க மறுத்தனர். 1848இல் அரசு அதிகாரி டொனால்ட் மக்லீன் புதிய பத்திரம் ஒன்றை முடித்தார். அதில் நிலத்தின் அளவு சுமார் 86,200 ஏக்கர். தொகை அதே 1000 பவுண்டு.

பின்னர் பல பகுதிகளில் மக்லீன் காலத்து முடியரசுப் பத்திரங்கள் ஒரே அச்சில் வார்த்தவை போன்ற வாசகத்தைக் கொண்டிருந்தன. நிலம், அதிலுள்ள மரங்கள், கற்கள், ஆறுகள், ஏரிகள், ஓடைகள் அனைத்தும் விற்கப்பட்டதாக அவை கூறின. நம் நாட்டுக் கிரயப் பத்திரங்களில் மரம், மட்டை, கிணறு, வழிநடைப் பாத்தியம் என்று அடுக்கி எழுதும் வழக்கத்தை இது ஒத்தது. எழுதிக்கொடுத்தவருக்கு ஆற்றை நிரந்தரமாக இழக்கும் எண்ணம் இருந்ததா என்பதை இவ்வாசகத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

கெம்ப் பத்திரம்

ஒரு சொல்லின் பொருளால் ஒரு மக்களின் வாழ்வு மாறியதற்குக் கெம்ப் பத்திரம் எடுத்துக்காட்டாகும். 1848 ஜூன் 12 அன்று அக்கரோவா துறைமுகத்தில், தென்தீவின் ஙாய் தாஹு குலத்தலைவர்கள் ஒரு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலப்பரப்பை 2000 பவுண்டுக்கு எழுதிக்கொடுத்தனர். தங்கள் குடியிருப்புகளும் 'மஹிங்கா கை'களும் தங்களுக்கே விடப்பட வேண்டும் என்னும் நிபந்தனை பத்திரத்தின் மாவோரி வாசகத்தில் இருந்தது.

'மஹிங்கா கை' என்பது உணவு பெறும் இடங்கள் அனைத்தையும் குறிக்கும். விலாங்கு பிடிக்கும் ஓடை, வாத்து பிடிக்கும் சதுப்பு, மீன் கிடைக்கும் கழிமுகம் ஆகியவை அதில் அடங்கும். ஆங்கில மொழிபெயர்ப்பில் அது 'தோட்டங்கள்' என்று ஆனது. 1868இல் பூர்வகுடி நில நீதிமன்றமும் அச்சொல்லுக்குக் குறுகிய பொருளையே கொண்டது: பயிர்நிலமும், நிலையான மீன்பிடி அமைப்புகளும் மட்டும் அதில் சேரும் என்றது. முதலில் ஒதுக்கப்பட்டது 6,359 ஏக்கர் மட்டுமே, அதாவது ஆளுக்கு ஏறத்தாழ 10 ஏக்கர். சுற்றியிருந்த சதுப்புநிலங்கள் வடிக்கப்பட்டு மேய்ச்சல் நிலங்களாயின.

நடுக்கோடு விதியும் 1903ஆம் ஆண்டுச் சட்டமும்

ஆற்றோர நிலத்தை உடையவருக்கு ஆற்றின் நடுக்கோடு வரையிலான படுகையும் சொந்தம் என்று ஆங்கிலேயப் பொதுச் சட்டம் அனுமானித்தது. 1860களில் அமைக்கப்பட்ட பூர்வகுடி நில நீதிமன்றம், மாவோரிகளின் கூட்டுரிமை நிலங்களைத் துண்டுகளாக்கிப் பட்டா வழங்கியது. பட்டா பெற்ற நிலம் விற்கப்பட்டபோது, பத்திரத்தில் ஆறு குறிப்பிடப்படாவிட்டாலும் பாதி ஆறு நிலத்தோடு சேர்ந்து போனதாகக் கொள்ளப்பட்டது.

1903ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்கத் திருத்தச் சட்டம் மேலும் ஒரு படி சென்றது. படகுப் போக்குவரத்துக்கு ஏற்ற ஆறுகளின் படுகைகள் முடியரசுக்கே உரியவை, எப்போதும் அவ்வாறே இருந்தன என்று அது அறிவித்தது. ஆறுகளைப் பற்றிய இந்தப் பெரிய முடிவு சுரங்கச் சட்டத்தின் ஒரு பிரிவுக்குள் இடம்பெற்றது. மாவோரிகளுக்கு இழப்பீடு ஏதும் வழங்கப்படவில்லை.

நீரைப் பொறுத்தவரை, ஓடும் நீர் எவருக்கும் சொந்தமில்லை என்பது பொதுச் சட்டக் கொள்கை. ஆயினும் 1903இல் மின் உற்பத்திக்கு ஆற்றுநீரைப் பயன்படுத்தும் உரிமையும், 1967இல் நீரைத் தேக்கவும் திருப்பவும் எடுக்கவும் உள்ள உரிமையும் சட்டத்தின் மூலம் முடியரசிடம் குவிந்தன. 1991ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டப்படி நீர் எடுக்க வட்டார மன்றங்கள் உரிமம் வழங்குகின்றன. ஓர் உரிமம் 35 ஆண்டுகள் வரை நீடிக்கலாம். உடைமை இல்லை என்று கூறப்பட்டாலும், உரிமம் பெற்றவர் நீண்ட காலம் நீரைத் தம்வசம் வைத்திருக்க முடிகிறது. "யாருக்கும் சொந்தமில்லை என்றால் பிறருக்கு எப்படி வழங்கப்படுகிறது?" என்னும் மாவோரிகளின் கேள்வி இங்கிருந்தே எழுகிறது.

வாங்கனூயி ஆற்று வழக்கு

சுமார் 290 கி.மீ. நீளமுள்ள வாங்கனூயி நியூசிலாந்தின் மூன்றாவது நீளமான ஆறு. 1890களில் நீராவிப் படகுகளுக்கு வழிவிடும் பொருட்டு அதிலிருந்த மாவோரி மீன்பிடித் தடுப்புகள் பல அகற்றப்பட்டன. ஆற்றுப்படுகை தங்களுடையது என்று 1938இல் ஆற்றோரக் குலத்தார் பூர்வகுடி நில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தொடக்கத்தில் தீர்ப்பு அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. அரசு மேல்முறையீடு செய்தது. பல நீதிமன்றங்களையும் ஓர் அரச ஆணையத்தையும் கடந்து வழக்கு 1962இல் முடிவுற்றது. ஆற்றோர நிலங்களுக்குப் பட்டா வழங்கியபோதே நடுக்கோடு விதியின்படி படுகையும் அவற்றோடு சேர்ந்துவிட்டது. எனவே ஆற்றுக்கெனத் தனி மாவோரி உரிமை எஞ்சவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1970களின் தொடக்கத்தில் தோங்கரீரோ மின்திட்டத்துக்காக ஆற்றின் தலைப்பகுதி நீர் வேறு வடிநிலத்துக்குத் திருப்பப்பட்டது. இதனால் வழக்கின் மையம் படுகையிலிருந்து நீரோட்டத்துக்கு நகர்ந்தது. 1975இல் உருவாக்கப்பட்ட வைத்தாங்கி தீர்ப்பாயத்துக்கு, 1840 முதல் நடந்த மீறல்களை விசாரிக்கும் அதிகாரம் 1985இல் கிடைத்தது. வாங்கனூயி குலத்தார் ஆற்றை ஒரு முழுமையாக உடைமையாகக் கொண்டிருந்தனர். அதை அவர்கள் அறிந்து விரும்பி விட்டுக்கொடுக்கவே இல்லை என்று தீர்ப்பாயம் 1999இல் அறிவித்தது. தீர்ப்பாயத்தின் பரிந்துரைகள் பெரும்பாலும் அரசைக் கட்டுப்படுத்துவதில்லை. எனவே பேச்சுவார்த்தை தொடர்ந்தது.

2017 மார்ச் மாதம் நிறைவேறிய தே ஆவா துப்புவா சட்டம் வாங்கனூயி ஆற்றைச் சட்டப்படி ஒரு நபராக ஏற்றது. முடியரசிடம் இருந்த படுகை ஆற்றின் பெயருக்கே மாற்றப்பட்டது. ஆற்றின் சார்பில் பேச, குலத்தார் ஒருவரையும் அரசு ஒருவரையும் முன்மொழிந்து இருவர் அமர்த்தப்படுகின்றனர். இழப்பீடாக 8 கோடி நியூசிலாந்து டாலரும் ஆற்றின் நலனுக்கான நிதியாக 3 கோடி டாலரும் ஒதுக்கப்பட்டன. உலகெங்கும் பேசப்பட்ட இச்சட்டத்தில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு பிரிவு உண்டு: நீரின் மீது எந்த உடைமை உரிமையையும் இச்சட்டம் உருவாக்கவோ மாற்றவோ இல்லை. தனியாரிடம் உள்ள படுகைப் பகுதிகளும் ஏற்கெனவே வழங்கப்பட்ட நீர் உரிமங்களும் அப்படியே தொடர்கின்றன.

வைக்காட்டோ ஆறும் மின் நிறுவனப் பங்கு விற்பனையும்

வைக்காட்டோ பகுதியில் நிலம் கைமாறிய விதம் வேறு. அங்கு 1860களின் போருக்குப் பின் சுமார் 12 லட்சம் ஏக்கர் அரசால் பறிமுதல் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டின் உடன்பாட்டுச் சட்டம் வைக்காட்டோ ஆற்றின் மேலாண்மையில் குலத்தாருக்குப் பங்கு அளித்தது.

2012இல், இவ்வாற்றில் அணைகளை இயக்கிய மைட்டி ரிவர் பவர் நிறுவனத்தின் 49 சதவீதம் வரையிலான பங்குகளை விற்க அரசு முன்வந்தது. நீர் உரிமையைத் தீர்க்காமல் விற்றால் பின்னர் பரிகாரம் கிடைக்காது என்று மாவோரி மன்றம் எதிர்த்தது. 1840இல் மாவோரிகளுக்கு நீரின் மீது இருந்த உரிமைக்கு மிக நெருங்கிய ஆங்கிலச் சட்டச் சொல் 'உடைமை' என்பதே என்று வைத்தாங்கி தீர்ப்பாயம் கூறியது. நீருக்கு எவரும் உரிமையாளர் இல்லை என்பது அப்போதைய பிரதமர் ஜான் கீயின் நிலைப்பாடு. விற்பனையால் பரிகாரம் அளிக்கும் அரசின் திறன் பெரிதாகக் குறையாது என்று கருதி, உச்ச நீதிமன்றம் 2013 பெப்ரவரியில் விற்பனையை அனுமதித்தது. மாவோரிகளின் நீர் உரிமை இல்லாதது என்று அத்தீர்ப்பு கூறவில்லை.

இன்றைய நிலை

ஙாய் தாஹு குலத்துக்கு 1998ஆம் ஆண்டின் சட்டப்படி 17 கோடி நியூசிலாந்து டாலர் இழப்பீடும், தே வைஹோரா ஏரியின் படுகையும் கிடைத்தன. ஏரியின் நீர் அதில் சேரவில்லை. பால் பண்ணைகளின் பெருக்கத்தாலும் அளவுக்கு மீறிய நீர் உரிமங்களாலும் கேன்டர்பரி ஆறுகள் கெட்டுவருவதைச் சுட்டி, நன்னீர் மீதான தங்கள் தலைமை அதிகாரத்தை ஏற்கக் கோரி 2020இல் இக்குலத்தார் உயர் நீதிமன்றத்தை நாடினர். 2025 பெப்ரவரியில் கிறைஸ்ட்சர்ச் நகரில் விசாரணை தொடங்கியது. நீரை விலைக்குரிய சொத்தாகக் கேட்பது தங்கள் நோக்கமன்று, அதை ஆளும் முடிவுகளில் தங்களுக்குரிய இடத்தையே கேட்கிறோம் என்பது அவர்கள் தரப்பு.

1848இல் 'மஹிங்கா கை'கள் தங்களுக்கே விடப்பட வேண்டும் என்று எழுதிவைத்தவர்களின் வழிவந்தோரே இவ்வழக்கைத் தொடுத்தவர்கள். அச்சொல்லுக்கு 'தோட்டம்' என்று பொருள் கொண்டால் அதில் ஆற்றுக்கு இடமில்லை. 'உணவு பெறும் இடம்' என்று பொருள் கொண்டால், விலாங்கு வாழும் அளவுக்குத் தூய்மையான நீர் ஓடாத வரை அந்த நிபந்தனை நிறைவேறியதாகாது.